இரண்டு சொல்லுக்கு ஒரே கட்டம்

சுவரில் ஒட்டியிருந்த தாளை உரித்தெடுக்கப் பென்சிலுக்கு அரை நிமிடம்தான் ஆனது. ஏன் உரித்தோம் என்று தன்னையே கேட்டுக்கொண்டான். மூன்று நிமிடமாகியும் பதில் வரவில்லை. அதற்குள் தாள் நான்காக மடிந்து சட்டைப்பைக்குள் போய்விட்டது.

தட்டச்சு அறையில் யாரும் இல்லை. தட்டச்சுப் பெண் சாப்பிடப் போயிருந்தாள். அடுத்த அறையில் வக்கீலம்மா மேலாளரைக் குடைந்துகொண்டிருந்தார்.

நாற்பது வயதாகியும் சதை பிடிக்காத உடம்பு, காதிடுக்கில் எப்போதும் ஒரு பென்சில். பெயர் எங்கிருந்து வந்தது என்று விளக்க வேண்டியதில்லை. வக்கீலம்மாவிடம் இரண்டு வருடமாக உதவியாளன். அவர் கோர்ட்டுக்குப் போவதை விட்டுவிட்டார், கேள்வி கேட்பதை மட்டும் விடவில்லை. அவர் கேட்பார், இவன் நக்கலடிப்பான், இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஆசாமி தாங்க முடியாமல் உண்மையைக் கக்கிவிடுவார். துப்பறியும் தொழில் இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இன்றைய வழக்கு இதுதான். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நோயாளிகளுக்கு டாக்டர் ஆங்கிலத்தில் எழுதித் தருவதைத் தமிழில் அட்டையாக்கிக் கொடுப்பது இந்த மொழிபெயர்ப்பு நிலையத்தின் வேலை. போன மாதம் ஒரு பஸ் டிரைவருக்குப் போன அட்டையில் இரண்டு மாத்திரைகள். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடுகிற மாத்திரைக்கு நேராக டாக்டர் ‘சஸ்பெண்ட்’ என்று எழுதியிருந்தார். பல் பிடுங்க வேண்டியிருந்தது. ஐந்து நாள் நிறுத்தி வைத்துவிட்டு மறுபடி தொடர வேண்டும். வலி மாத்திரைக்கு நேராக ‘டிஸ்கன்டின்யூ’. அது இனி வேண்டவே வேண்டாம். தமிழ் அட்டையில் இரண்டுக்கும் ஒரே சொல்தான் இருந்தது: நிறுத்தவும். டிரைவர் சொன்ன பேச்சைக் கேட்கிற மனிதர். இரண்டையும் நிறுத்தினார். பதினாறாம் நாள் குளியலறையில் விழுந்தார். வலது பக்கம் போனது, கூடவே பேச்சும் போனது.

அட்டையில் இருந்தது மொழிபெயர்ப்பாளர் அம்மாவின் கையெழுத்து. “நான் எழுதினது ‘நிறுத்தி வைக்கவும்’” என்று அவர் தலையில் அடித்துச் சொல்கிறார். நிரூபிக்க வழியில்லை. நோயாளிகளின் விஷயம் வெளியே போகக் கூடாது என்று, அவர் கையால் எழுதித் தருகிற தாளை அன்றன்றைக்கே கிழித்துவிடுவார்கள். இன்று நாலு மணிக்கு விசாரணை. அதில் தோற்றால் பதினெட்டு வருட வேலை போகும், இனி எந்த அலுவலகமும் அவரை நம்பி ஒரு வரி கொடுக்காது. அவருடைய தம்பி வக்கீலம்மாவின் காலில் விழாத குறையாக அழுதது நேற்று முன்தினம்.

அந்தத் தம்பி அழுதபோது பென்சில் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தான். ‘அந்த நிலையத்தில் நானும் ஒரு வருடம் வேலை பார்த்திருக்கிறேன்’ என்று சொல்லியிருக்கலாம். அட்டையைக் கையில் வாங்கியபோது ‘இந்தப் படிவத்தை வரைந்தவனே நான்தான்’ என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டான். மேலாளர் புதியவர், தட்டச்சுப் பெண்ணும் புதியவள், நம்மை யாருக்கும் தெரியாது என்ற தைரியத்தில் வந்தான். வந்து பார்த்தால், மூன்று வருடத்துக்கு முன் அவன் எழுதி ஒட்டிய பட்டியல் இன்னும் சுவரில் இருக்கிறது. கட்டத்துக்குள் அடங்காத நீளச் சொற்களுக்கெல்லாம் குட்டிச் சொல் போட்ட பட்டியல். பதினேழாவது வரி இப்படி இருந்தது: ‘சஸ்பெண்ட், டிஸ்கன்டின்யூ. இரண்டுக்கும் நிறுத்து போதும்.’ பக்கத்தில் அவனுடைய ஜோக் வேறு: ‘நின்னா சரி!’

மேலாளர் அறைக்குள் நுழைந்தபோது வக்கீலம்மா ஒரு காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்கடா போயிருந்தே?”

“தட்டச்சு அறையில கைரேகை தேடினேன் மேடம். பிஸ்கட் தூள்தான் கிடைச்சுது.”

மேலாளர் சிரிக்கவில்லை. அவருக்குச் சிரிப்பு மாதத்துக்கு ஒரு முறை வரும் போலிருந்தது. “மேடம், இதுல துப்பறிய ஒண்ணுமே இல்ல. கையெழுத்து அந்தம்மாவோடது. தப்பும் அந்தம்மாவோடது.”

“சரி சார். இது என்ன?”

“அவங்களுக்குக் கொடுத்த உத்தரவு. விசாரணை முடியற வரைக்கும் வேலைக்கு வர வேண்டாம்னு. இங்கிலீஷ்ல ஒண்ணு, தமிழ்ல ஒண்ணு.”

“இங்கிலீஷ்ல ‘சஸ்பெண்டட்’னு இருக்கு. அதாவது கொஞ்ச நாளைக்கு ஒதுங்கி இருங்க, அப்புறம் பார்க்கலாம்னு அர்த்தம். தமிழ்ல என்ன போட்டிருக்கு பாருங்க. ‘நடவடிக்கை: பணி நிறுத்தப்பட்டது.’ இதைப் படிச்சுட்டுத்தான் அவங்க தம்பி, அக்காவை வேலையை விட்டே தூக்கிட்டாங்கன்னு எங்கிட்ட ஓடி வந்தார்.”

“அது… ஏதோ அவசரத்துல…”

“இருக்கட்டும் சார். இந்தத் தமிழை யாரு எழுதினாங்க?”

மேலாளர் எட்டி, உத்தரவின் அடியில் ஏதாவது பெயர் இருக்கிறதா என்று தேடினார்.

“அந்தம்மாவைத்தான் வீட்டுக்கு அனுப்பிட்டீங்களே. தன் சீட்டை அவங்களே வந்து கிழிச்சிருக்க மாட்டாங்க. அட்டையில இருக்கற அதே தப்பு, அவங்க கைபடாத காகிதத்துலயும் இருக்கு. ஒரே கொசு ரெண்டு பேரைக் கடிச்சிருக்குன்னா, அந்தக் கொசு இந்தக் கட்டடத்துலதான் இருக்கணும்.”

பென்சிலுக்குச் சட்டைப்பை கனத்தது. ஒரு தாள் இவ்வளவு எடை இருக்கும் என்று அவனுக்கு அதுவரை தெரியாது.

தட்டச்சுப் பெண் சாப்பிட்டுவிட்டு வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும்; கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிப் பழகியவள்.

“உத்தரவைத் தமிழ்ல போட்டது நான்தான் மேடம். அம்மா எழுதிக் கொடுக்கறதையும் நான்தான் அட்டையில ஏத்துவேன். ஒரு கட்டத்துல எட்டு எழுத்துதான் புடிக்கும். அதுக்கு மேல போனா கம்ப்யூட்டர் ஏத்துக்காது. அப்பல்லாம் சுவத்துல இருக்கற லிஸ்ட்டைப் பார்த்துச் சின்ன சொல்லாப் போட்டுடுவேன். உத்தரவுக்கும் அதையேதான் பார்த்தேன்.”

“அடிச்சப்புறம் அந்தம்மா ஒரு தடவை பார்க்க மாட்டாங்களா?”

“அவங்க மேல் மாடி, நான் கீழ. ஏறி இறங்க நேரமாகுதுன்னு திங்கட்கிழமை காலையிலயே நூறு வெத்து அட்டையில கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடுவாங்க. ரொம்ப நாளா அப்படித்தான்.”

“இதை ஏம்மா முன்னாடியே சொல்லல?”

“யாரும் கேக்கலையே மேடம்.”

“பட்டியலா? என்ன பட்டியல்? நான் பார்த்ததே இல்லையே” என்றார் மேலாளர்.

எல்லாரும் தட்டச்சு அறைக்குப் போனார்கள். அவள் பெருமையாகச் சுவரைக் காட்டினாள். சுவரில் ஒரு வெளிறிய சதுரம் இருந்தது.

“காலையில இருந்துச்சு சார்! சத்தியமா இருந்துச்சு!”

“நல்லாயிருக்கு கதை. இல்லாத பட்டியல் மேல பழியைப் போட்டா ரெண்டு பேருமே தப்பிச்சுக்கலாம், இல்ல?” என்றார் மேலாளர்.

அந்தப் பெண்ணின் கண்ணில் நீர் முட்டியது. பென்சில் எதையாவது சொல்லிச் சிரிக்க வைக்கப் பார்த்தான், ஒரு நக்கலும் வாயில் வரவில்லை. திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல நின்றான். பிறகு தண்ணீர் குடிக்க வேண்டும் என்று சொல்லி வெளியே போனான். ஒரு டம்ளர் குடித்தான். இன்னொன்றும் குடித்தான். தாகம் தீரவில்லை.

மொழிபெயர்ப்பாளர் அம்மாவின் வீடு இரண்டு தெரு தள்ளி, மூன்றாவது மாடியில். தம்பி கதவைத் திறந்தார். அம்மா சாப்பாட்டு மேசையில் அமர்ந்து நாலு மணிக்குக் கொடுக்க வேண்டிய விளக்கக் கடிதத்தை எழுதி எழுதி அடித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தி வக்கீலம்மாவைப் பார்த்தார். பிறகு பென்சிலைப் பார்த்தார்.

ஒரு வருடம் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து தன் சாப்பாட்டு டப்பாவில் பாதியை இவனிடம் தள்ளியவர். ‘டேய் பென்சில்’ என்று இவர் கூப்பிட்டால் மாடி முழுக்கக் கேட்கும்.

“உக்காருங்க சார். தண்ணி குடிக்கிறீங்களா?” என்றார் அவர்.

அந்த ‘சார்’ அவன் கன்னத்தில் விழுந்த அறை மாதிரி இருந்தது. அடித்திருந்தால்கூடத் தேவலை என்று நினைத்தான்.

“அந்த ரெண்டு சொல்லுக்கும் என்னம்மா வித்தியாசம்? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க” என்றார் வக்கீலம்மா.

“அந்த டிரைவருக்குப் புரியற மாதிரியே சொல்றேனே. பஸ்ஸை ஸ்டாப்புல நிறுத்தறது ஒண்ணு. ஆள் ஏறினதும் கிளம்பிடும். அது சஸ்பெண்ட். அந்த ரூட்டையே எடுத்துடறது இன்னொண்ணு. அப்புறம் ஸ்டாப்புல எவ்வளவு நேரம் நின்னாலும் பஸ் வராது. அது டிஸ்கன்டின்யூ. ரெண்டுலயும் பஸ் நிக்குதுதான். ஆனா காத்திருக்கறவனுக்கு எது எதுன்னு தெரியணுமில்ல?”

“லிஸ்ட்ல ரெண்டையும் ஒண்ணாப் போட்டிருக்காங்களாமே.”

“ஆமா. அப்ப நான் கேட்டேன், ரெண்டும் ஒண்ணான்னு. எழுதினவர் என்னமோ ஜோக் அடிச்சார். எனக்கும் சிரிப்பு வந்துடுச்சு. சிரிச்சுட்டு விட்டுட்டேன். அப்புறம் வெத்து அட்டையில கையெழுத்து வேற. எழுதினவர் மேல மட்டும் தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வராதுங்க. தினமும் சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போறேன். உள்ள போகக் கால் வரல.”

“எழுதினவர் பேரு?”

பதினெட்டு வருடத்தில் ஒரு சொல்லைக்கூட மறக்காத அந்தப் பெண்மணி, மேசைமேல் இருந்த பேனாவை மூடினார்.

“ஞாபகம் இல்லைங்க.”

திரும்பி நடக்கும்போது வக்கீலம்மா வழக்கத்தைவிட மெதுவாக நடந்தார். மணி மூன்று தாண்டியிருந்தது. பென்சில் வழக்கத்தைவிட அதிகமாகப் பேசினான்.

“அந்த லிஸ்ட் காத்துல பறந்திருக்கும் மேடம். ஃபேன் வேற ஓடிட்டு இருந்துச்சு.”

“டேப்போட பறந்துச்சா?”

“பெருக்கறவங்க எடுத்திருக்கலாம்.”

“ஒரு மணிக்கும் ஒண்ணே காலுக்கும் நடுவுல யாரும் பெருக்கல. கேட்டுட்டேன்.”

“அந்த அறைக்குள்ள நான் போனப்ப சுவத்துல ஒண்ணும் இல்ல மேடம்.”

“உன்னை யாரு கேட்டா?”

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று பிள்ளை சொன்ன கதையாகிவிட்டது. பென்சில் நாக்கைக் கடித்துக்கொண்டான். வக்கீலம்மா அவன் முகத்தைப் பார்க்காமல் பேசிக்கொண்டே போனார்.

“எடுத்த ஆளைப் பத்தி எனக்கு ஒண்ணு தெரியும். அவன் அதைக் கிழிச்சுப் போட்டிருக்க மாட்டான். கிழிக்கறவனா இருந்தா சுவத்துலயே கிழிச்சு இழுத்திருப்பான். இவன் நாலு மூலையிலயும் டேப்பை நகத்தால கிளப்பி, ஒரு ஓரம்கூடக் கிழியாம எடுத்திருக்கான். பயமும் இருக்கு, மனசும் வரல. ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கிறான்.”

“புடிச்சா என்ன பண்ணுவீங்க?”

“நாலு மணிக்குள்ள புடிச்சாத்தான் பிரயோஜனம். அந்தம்மா பேரு போனப்புறம் திருடனைப் புடிச்சு நான் என்ன பண்றது?”

மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். இரண்டு தெருவைக் கடப்பதற்குள் பென்சிலின் கை ஐந்து முறை சட்டைப்பைக்குப் போய்த் திரும்பியது. ஒரு சாக்கடைப் பக்கம் வந்தபோது, போட்டுவிட்டால் தீர்ந்தது என்றுகூட நினைத்தான். அப்படி நினைத்ததற்காகத் தன்னைக் கேவலமாக ஒரு வார்த்தை திட்டிக்கொண்டான். ஆனாலும் வாய் திறக்கவில்லை. இந்த வேலை அவனுக்குப் பிடித்திருந்தது. பொய் சொல்கிறவர்களைப் பிடிக்கிற அலுவலகத்தில் பொய் சொன்னவனுக்கு நாற்காலி இருக்காது என்பது அவனுக்குத் தெரியும்.

நாலு மணிக்கு விசாரணை அறை நிறைந்துவிட்டது. நிறைய என்றால் எட்டுப் பேர்தான். அறை அவ்வளவு சின்னது. மேலாளரும் நிர்வாகத்திலிருந்து இரண்டு பேரும் ஒரு பக்கம். மொழிபெயர்ப்பாளர் அம்மா எதிர்ப்பக்கம். ஓரத்தில் தட்டச்சுப் பெண், மூக்கு சிவந்துபோய். கதவோரம் வக்கீலம்மாவும் பென்சிலும். ஜன்னல் பக்கத்தில், கையில் ஆஸ்பத்திரிப் பையோடு ஒரு பெண்மணி அமர்ந்திருந்தார். டிரைவரின் மனைவி. தவறு செய்தது யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டு வந்திருந்தார்.

மேலாளர் ஒரு காகிதத்தை நகர்த்தினார். “அட்டையில இருக்கற சொல்லுக்கு முழுப் பொறுப்பும் உங்களோடதுன்னு ஒத்துக்கிட்டு இதுல கையெழுத்துப் போட்டுட்டா, நிர்வாகம் இதை இதோட முடிச்சுக்கும். போலீஸ் வரைக்கும் போகாது.”

மொழிபெயர்ப்பாளர் அம்மா வக்கீலம்மாவைத் திரும்பிப் பார்த்தார். பென்சிலும் பார்த்தான். இந்த இடத்தில் எழுந்து நின்று எதிராளியை உரித்து உப்புத் தடவுவதுதான் வக்கீலம்மாவின் வழக்கம். அவரோ மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் நிதானமாகத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு கண்ணாடிக்கு இவ்வளவு அழுக்கு எங்கிருந்து வரும்?

அம்மா பேனாவைத் திறந்தார்.

“போடாதீங்கக்கா!”

கத்தியது யார் என்று எல்லாரும் திரும்பினார்கள். பென்சிலுக்கே அது யார் குரல் என்று ஒரு கணம் புரியவில்லை. கால்கள் எழுந்து நின்றுவிட்டன. கை சட்டைப்பைக்குள் போய், நான்காக மடித்த தாளோடு வெளியே வந்தது.

“லிஸ்ட் இதுதான். அந்தப் பொண்ணு பொய் சொல்லல. சுவத்துலருந்து எடுத்தது நான். எழுதினதும் நான்தான். மூணு வருஷத்துக்கு முன்னாடி இங்க வேலை பார்த்தேன். அட்டையோட கட்டத்தை வரைஞ்சதும் நான்தான். பார்க்க அழகா, ஒரு மருந்துக்கு ஒரு வரின்னு இருக்கணும்னு ஆசைப்பட்டேன். ரெண்டு சொல்லும் ஒண்ணான்னு அக்கா அன்னைக்கே கேட்டாங்க. வேற வேறன்னு எனக்கும் தெரியும். தெரிஞ்சேதான் ஒண்ணாப் போட்டேன். ஜோக் அடிச்சேன்.”

மேலாளர் தாளை வாங்கிப் பார்த்தார். பதினேழாவது வரியில் அவர் விரல் நின்றது. நிர்வாகத்து ஆட்கள் இருவரும் எட்டிப் பார்த்தார்கள். கையெழுத்துக் காகிதத்தை அவர்களில் ஒருவர் சத்தமில்லாமல் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“இதைத் தேடத்தானே மத்தியானத்துலருந்து அலையறீங்க! உங்க ஆள் பாக்கெட்லயே வெச்சிருக்கான்!” என்றார் மேலாளர், வக்கீலம்மாவைப் பார்த்து.

“லிஸ்ட்டையா? அது எனக்கு ஒண்ணரை மணிக்கே கிடைச்சாச்சு சார்.” வக்கீலம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கைப்பையிலிருந்து தன் போனை எடுத்தார். “வேலைக்குச் சேர்ந்த புதுசுல, ஒவ்வொரு தடவையும் தலையைத் திருப்ப வேண்டாம்னு இந்தப் பொண்ணு சுவத்தைப் போட்டோ எடுத்து வெச்சிருந்தா. நீங்க போட்ட சத்தத்துல பாவம், அதுகூட அவளுக்கு ஞாபகம் வரல. இவன் தண்ணி குடிக்க வெளிய போனப்பதான் சொன்னா. எனக்கு அனுப்பியும் விட்டா.”

பென்சில் ஓரடி முன்னால் வந்தான். “அப்ப… என் எழுத்துன்னு…”

“ரெண்டு வருஷமா உன் ரிப்போர்ட்டைப் படிச்சுக் கண்ணு போனவ நான். உன் ‘ற’வை எங்க பார்த்தாலும் தெரியும்.”

“அப்புறம் ஏன் மேடம் சாயங்காலம் வரைக்கும் தேடினீங்க?”

“லிஸ்ட் கிடைச்சுது. எழுதினவன் கிடைக்கலையே.” அவர் குரலில் கோபம் இல்லை, அதனால்தான் தாங்க முடியவில்லை. “கையெழுத்து விழறதுக்கு முன்னாடி நானே எழுந்து உன் பேரைச் சொல்லியிருப்பேன். அப்புறம் உன்னை என் ஆபீஸ் படி ஏற விட்டிருக்க மாட்டேன். கடைசி நிமிஷத்துல வந்தே.”

மொழிபெயர்ப்பாளர் அம்மா முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டிருந்தார். வேலை பிழைத்தது என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். ஆனால் அந்த அறையில் யார் முகத்திலும் ஜெயித்த களை இல்லை. தட்டச்சுப் பெண்கூடப் பென்சிலைப் பாவமாகத்தான் பார்த்தாள்.

அப்போது ஜன்னல் பக்கத்திலிருந்து டிரைவரின் மனைவி எழுந்து வந்தார். மேசைமேல் கிடந்த அட்டையைக் கையில் எடுத்தார்.

“தம்பி, எனக்கு ஒண்ணு சொல்லுங்க. ‘நிறுத்தி வைக்கவும்’னு இருந்திருந்தா, எத்தனை நாளைக்குன்னு நாங்க கேட்டிருப்போம். மறுபடி எப்ப ஆரம்பிக்கணும்னு கேட்டிருப்போம். அந்தச் சொல்லு இந்தக் கட்டத்துக்குள்ள வரணும்னா, இன்னும் எவ்வளவு பெருசா வரைஞ்சிருக்கணும்?”

வரைந்தவன் அவன். அளவு அவனுக்கு மனப்பாடம். எட்டு எழுத்துக்குப் பதில், நடுவில் விடுகிற இடத்தோடு சேர்த்துப் பத்து எழுத்து. ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் நெருக்கி வைத்துக் காட்டினான். நடுவில் ஒரு சுண்டுவிரல் நகம் நுழையும்.

அந்தப் பெண்மணி குனிந்து அந்த இடைவெளியையே பார்த்தார். திட்டுவார் என்று பென்சில் காத்திருந்தான். திட்டினால் தேவலை என்று மனசுக்குள் கெஞ்சினான். கையை இறக்கவும் தெரியவில்லை.

“இவ்வளவுதானா” என்றார் அவர்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம் தொடங்கப்போகிறது என்று மேலாளரிடம் சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தவர், பென்சில் அங்கேயே நிற்பதைப் பார்த்துத் திரும்பினார்.

“இங்க இருக்கறவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டீங்க. வாங்க, அவர்கிட்டயும் வந்து சொல்லுங்க. அவருக்குப் பேச்சுதான் வரல தம்பி. காது நல்லாக் கேக்குது.”